வாவிக்கரைத் தோட்டங்களும் பூச்சிகொல்லிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பகுதிவரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கின்றது. ஞாயிறு படும் திசையிலுள்ள கரையைப் படுவான்கரை என்றும், ஞாயிறு எழும் திசையில் வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றரையை எழுவான்கரை என்றும் வழங்குதல் இப்பிரதேச மக்களின் மரபாகும். படுவான்கரை வயல்வளம் மிக்கது. 'வேளாண்மை' என்ற சொல் இங்கு நெற்செய்கையையே குறிக்குமளவுக்கு நெல் இம்மக்கள் வாழ்விற் கலந்துள்ளது. எழுவான்கரையின் செல்வம் வேறு. செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி முதலிய ஊர்களிலே, மணலைத் தோண்டிக் கண்ட துரவு நீரை இறைத்துக் கத்தரி, மிளகாய், வெங்காயம், பாகல், புடோல், பயிற்றை, வெற்றிலை என்பன வளர்க்கப்பட்டு வந்துள்ளன. வளவுகள்தோறும் மா, கொய்யா, எலுமிச்சை, தென்னை, மரமுந்திரிகை என்பன நிற்கின்றன. மட்டக்களப்பின் வரலாற்றைக் கூறப் புகுந்தோர் வயலையும் வட்டையையும் போடிமாரையும் பேசிய அளவுக்கு இத்தோட்டங்களைப் பேசினாரல்லர்.

தோட்டக்காரர் பூச்சிகொல்லியை 'மருந்து' என்பர். அதனைத் தெளித்தலை 'மருந்தடித்தல்' என்பர். 'கிருமிநாசினி' என்னும் பெயரும் ஈழத்தமிழரிடையே பரவலாக உண்டு. இரண்டும் நலத்தைச் சுட்டும் பெயர்கள். பயிருக்கு மருந்தாகும் இப்பொருள் மனிதருக்கும் மீனுக்கும் தேனீக்கும் நஞ்சாகும் என்பதை இப்பெயர்கள் மறைத்து நிற்கின்றன. அந்நஞ்சினின்றும் மக்களைக் காக்கும் பொறுப்பு வெவ்வேறு காலங்களில் யார்மேற் சுமத்தப்பட்டது, அச்சுமை எங்கே இறங்கியபோது உயிர்கள் காக்கப்பட்டன என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரசாயனப் பூச்சிகொல்லிகள் வருமுன்னர்த் தோட்டக்காரரிடம் இருந்த கருவிகள் சிலவே. விடியற்காலையிற் பனி ஈரம் உலருமுன் இலைகளிற் சாம்பல் தூவுதல், வேப்பம் பிண்ணாக்கை மண்ணோடு கலத்தல், புகையிலையை ஊறவைத்த நீரைத் தெளித்தல், புழுக்களைக் கையாற் பொறுக்கி அழித்தல் என்பன அவை. இவற்றை நினைந்து பழமையைப் போற்றுவோர் ஒன்றை மறத்தலாகாது. புகையிலையிலுள்ள நிக்கொட்டின் கொடிய நஞ்சாகும். உலக சுகாதார நிறுவனத்தின் நச்சு வரிசையில் அது மிக அபாயமானவற்றோடு வைத்து எண்ணப்படுகின்றது. எனவே இயற்கையிற் கிடைப்பதெல்லாம் தீங்கற்றது என்னும் கருத்து அக்காலத்துக்கும் பொருந்தாது. அக்காலத் தோட்டத்தைக் காத்தது நஞ்சின் அளவு சிறிதாயிருந்தமையே. வீட்டிற் கிடைத்த புகையிலையைக் கொண்டு ஒருவர் எத்துணை தெளிக்க முடியும்?

அரசு பயிர்ப்பீடைகளைச் சட்டத்தாற் கட்டுப்படுத்த முற்பட்ட வரலாறும் நஞ்சிலே தொடங்கவில்லை. 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் பெருந்தோட்டப் பொருளாதாரத்தையே கவிழ்த்தது. அதன்பின் பயிர்நோய்களும் பூச்சிகளும் அரசின் கவனத்துக்குரியனவாயின. 1912இல் விவசாயத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1924ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நோயுற்ற பயிர்களையும் பீடைகளையும் கட்டுப்படுத்த வழிசெய்தது. அது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நிலைத்தது.

கீழ்க்கரைத் தென்னந்தோட்டங்களுக்கு அக்காலத்திற் பெருந்தொல்லையாயிருந்தது தென்னைக் கருந்தலைப்புழுவாகும். ஓலையின் அடிப்புறத்தே தன் எச்சத்தாலும் நூலாலும் கூடமைத்து, அதனுள் மறைந்திருந்து பச்சையத்தைச் சுரண்டியுண்பது இதன் இயல்பு. உயர்ந்த மரத்திலே, ஓலையின் அடியிலே, கூட்டினுள்ளே வாழும் புழுவுக்குத் தெளிமருந்து எட்டாது. தாக்குண்ட ஓலைகளை வெட்டி எரித்தலும் இயற்கை எதிரிகளை நாடுதலுமே வழிகளாயின. ரி. ஜே. ஜெயரத்தினம் 1941இல் 'த றொப்பிக்கல் அக்றிகல்சரிஸ்ற்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இப்புழுவின் கூட்டுப்புழுப் பருவத்திலே முட்டையிட்டு அதனை அழிக்கும் திரைக்கோஸ்பிலஸ் என்னும் சிறு குளவியை ஆராய்ந்தது. டி.டி.ரி. இந்நாட்டுக்கு வருமுன்னரே, பூச்சியைப் பூச்சியாற் கட்டுப்படுத்தும் அறிவு இங்கு வேரூன்றியிருந்தமைக்கு இவ்வாய்வு சான்றாகும்.

நஞ்சின் மீது மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது தோட்டத்திலன்று, வீட்டின் சுவரிலாகும். 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1939இல் சுவிற்சலாந்து அறிஞர் போல் ஹேர்மன் முல்லர் டி.டி.ரி.யின் பூச்சிகொல்லும் இயல்பைக் கண்டறிந்தார். அதற்காக 1948இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். இலங்கையில் 1946 முதல் வீடுகளின் உட்சுவர்களில் அது விசிறப்பட்டது. அவ்வாண்டில் 28 இலட்சமளவில் இருந்த மலேரியா நோயாளர் தொகை 1963இல் வெறும் 17 ஆகக் குறைந்தது. இத்தகைய வெற்றியைக் கண்ணாற் கண்ட தலைமுறை, பூச்சிகொல்லியை மருந்தென அழைத்ததில் வியப்பில்லை. அவர்தம் குழந்தைகளின் உயிரை அது உண்மையிலேயே காத்தது.

அவ்வெற்றியின் மறுபக்கமும் விரைவில் வெளிப்பட்டது. தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தபின் 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. நுளம்புகள் டி.டி.ரி.க்கு ஈடுகொடுக்கும் வலிமையையும் பெற்றன. 1977 முதல் அதனிடத்தை மலத்தியன் பெற்றது. அம்மலத்தியனைப் பயிர்ச்செய்கையிற் பயன்படுத்தாது மலேரியா ஒழிப்புக்கென ஒதுக்கிவைத்தமை ஈண்டு கருதத்தக்கது. தோட்டத்திலும் வயலிலும் கண்டபடி தெளிக்கப்படும் நஞ்சு, வீட்டைக் காக்கவேண்டிய நஞ்சை வலுவிழக்கச் செய்யும் என்னும் அறிவு அதன் பின்னணியில் இருந்தது. இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரிற் சான்றளித்தது. அவ்வெற்றி தனி ஒரு மருந்தால் வந்ததன்று. நெடுங்காலக் கண்காணிப்பால் வந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் தோட்டங்களுக்கு வந்தவை டி.டி.ரி.யினும் வேறான குலத்தைச் சேர்ந்தவை. ஜேர்மனிய இரசாயனவியலாளர் கெர்ஹாட் ஷ்றேடர் 1930களிலும் 1940களிலும் ஆராய்ந்த சேதனப் பொசுபரசுச் சேர்வைகளே அவை. அதே ஆராய்ச்சியிலிருந்து போருக்குரிய நரம்பு நஞ்சுகளும் தோன்றின. நரம்புகளினிடையே செய்தி கடத்தும் பொருளைச் சிதைக்கும் நொதியத்தை இச்சேர்வைகள் முடக்குகின்றன. அதனாற் பூச்சி மடிகின்றது. அதே நொதியம் மனிதருடலிலும் உண்டு. பரத்தியன் என்னும் சேர்வை 'பொலிடோல்' என்னும் வணிகப் பெயரால் இங்கு அறியப்பட்டது. நாளடைவில் ஈழத்தமிழர் பேச்சில் அப்பெயர் நஞ்சு என்பதற்கே மறுபெயராயிற்று. 1958இற் கேரளத்தில், இதே நஞ்சோடு ஒரே கப்பலில் ஏற்றிவரப்பட்ட உணவுப்பொருள் மாசுற்று நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அத்துயரமே இந்தியாவின் 1968ஆம் ஆண்டுப் பூச்சிகொல்லிச் சட்டத்துக்கு வித்திட்டது. 1962இல் றேச்சல் கார்சன் வெளியிட்ட நூல் மேலைநாட்டார் சிந்தனையைக் கிளறியது போன்று, நமது அயலிலே நிகழ்ந்த இந்நிகழ்ச்சி நம்மவர் சிந்தனையைக் கிளறியிருத்தல் வேண்டும்.

தோட்டங்களிற் பூச்சிகொல்லியின் பாவனை பெருகியமைக்குப் பொருளாதாரக் காரணங்களும் உள. 1970 முதல் 1977 வரையான காலப்பகுதியில் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்நாட்டு விளைவுக்கு நல்ல விலை கிடைத்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் இதனாற் பெரும்பயன் பெற்றமை யாவரும் அறிந்ததே. விலை உயரும்போது பயிரின் ஒவ்வொரு காயும் பொன்னாகின்றது. பூச்சியால் ஏற்படும் சிறு இழப்பும் பேரிழப்பாகத் தோன்றுகின்றது. 1977இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை நிலவியபோது விலைப்பாதுகாப்பு நீங்கியது; விவசாய இரசாயனங்களோ கடைகளிற் பெருகின. விலை வீழ்ந்தபோது தோட்டக்காரர் மருந்தைக் குறைத்திருக்கலாம் என எண்ணத் தோன்றும். கடன்பட்டுப் பயிரிட்டவனுக்குப் புள்ளிவிழுந்த கத்தரிக்காயை விற்கும் வழி இல்லை. ஆகவே விலை உயரினும் தாழினும் தெளித்தல் தொடர்ந்தது.

கத்தரியின் தண்டு, காய் துளைப்பானை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முட்டையிலிருந்து வெளிவரும் புழு சில மணி நேரத்திற் குருத்தினுள்ளோ காயினுள்ளோ புகுந்துவிடுகின்றது. உள்ளே புகுந்தபின் மேலே தெளிக்கும் நஞ்சு அதனைத் தீண்டாது. எனவே புழு வெளியே இருக்கும் அச்சிறு பொழுதைப் பிடிக்கும் நோக்கத்தோடு வாரத்துக்கு இருமுறை, மும்முறை எனத் தெளிக்கும் வழக்கம் ஏற்படுகின்றது. பறித்தல் ஒருநாள், தெளித்தல் மறுநாள் என்றாகும்போது, தெளித்தலுக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்கள் விடுபடுகின்றன. வாடிய குருத்துக்களைக் கிள்ளி எரித்தலும், துளைபட்ட காய்களைத் தோட்டத்திற் போடாது புதைத்தலும் இப்பீடையைப் பெரிதும் குறைக்கும் என்பது அறியப்பட்டதே. ஆயின் அவை ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து செய்யவேண்டியவை. தெளித்தலோ தனியொருவன் தன் வேலிக்குள்ளே செய்யக்கூடியது.

நஞ்சின் விலையை எண்ணிக் காட்டியவர் மருத்துவ அறிஞர் ஜெ. ஜெயரத்தினம் ஆவார். அவரும் சகாக்களும் 1982இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பீடைகொல்லி நஞ்சேறி வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேர் இறந்தனர். இவர்களுட் பெரும்பான்மையோர் மனத்துயரால் தம்முயிரை மாய்க்க முயன்றோர். ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் தொழிலிடத்தும் தற்செயலாகவும் நஞ்சேறியோர். குடும்பத்திற் பிணக்கோ கடனோ நேர்ந்த ஒரு கணத்திலே, எட்டும் தூரத்தில் இருந்த போத்தல் எத்தனை இல்லங்களை இருளாக்கியது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இதற்கு முதலில் அளிக்கப்பட்ட விடை அறிவுரையாகும். கையுறை அணிக, முகமூடி அணிக, சுட்டுத்துண்டை வாசிக்க, பூட்டிவைக்க என்னும் அறிவுரைகள் சுவரொட்டிகளிலும் விவசாயப் போதனாசிரியரின் வாயிலும் ஒலித்தன. இவை யாவும் சரியானவையே. ஆயின் மட்டக்களப்பின் ஆடிமாத வெயிலிலே, மணல் கொதிக்கும் பொழுதிலே, இறப்பர் அங்கியும் முகமூடியும் அணிந்து ஒருவர் எத்துணை நேரம் வேலைசெய்தல் இயலும்? குளிர்நாடுகளில் வகுக்கப்பட்ட பாதுகாப்பு முறை வெப்பநாட்டுத் தொழிலாளியின் உடலுக்குப் பொருந்தாமை பெரிய குறையாகும். வறியவனின் ஒற்றை அறை வீட்டிலே பூட்டுடைய அலுமாரி எங்கே இருக்கும் என்பதும் எண்ணத்தக்கது.

திருப்பம் சட்டத்தாலே வந்தது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், பதிவாளரொருவரின் அனுமதியின்றி எந்தப் பீடைகொல்லியையும் இறக்குமதி செய்யவோ விற்கவோ இயலாதெனச் செய்தது. உலக சுகாதார நிறுவனம் 1975இல் ஏற்றுக்கொண்ட நச்சுத்தன்மை வகுப்புக்கள் அளவுகோலாயின. 1984இற் பரத்தியனும் மெதைற்பரத்தியனும் தடைசெய்யப்பட்டன. முதல் வகுப்பைச் சேர்ந்த எஞ்சியவை, மொனோக்குறொற்றபொஸ், மெத்தமிடோபொஸ் என்பன உட்பட, 1995இல் விலக்கப்பட்டன. அவற்றினிடத்தை எண்டோசல்பன் பற்றிக்கொண்டு உயிர்களைப் பறித்தமை காணப்பட்டதும் 1998இல் அதுவும் தடைசெய்யப்பட்டது. 2008 முதல் 2011 வரை டைமெதோயேற், பென்தியன், பரகுவாற் என்பன படிப்படியாக நீக்கப்பட்டன.

இதன் பயன் உலகறிந்தது. 1995இல் இலட்சம் பேருக்கு 47 என நின்ற தற்கொலை வீதம் 2005அளவிற் பாதியாகியது. 1995 முதல் 2015 வரையான இருபதாண்டுகளில் இத்தடைகளாற் காக்கப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என ஆய்வாளர் கணித்துள்ளனர். மக்களின் துயரம் அற்றுப்போனமையால் இது நிகழவில்லை. துயருற்ற கணத்திற் கைக்கெட்டிய பொருள் கொல்லும் வலிமை குன்றியதாயிருந்தமையால், வைத்தியசாலைக்குச் சென்றவர் மீண்டனர். மீண்டவருட் பெரும்பாலோர் வாழ்ந்தனர். பயிர் விளைச்சல் வீழுமென எழுந்த அச்சமும் பொய்த்தது. 2008இல் வெளியான ஆய்வொன்று இத்தடைகளால் விளைச்சல் குறைந்தமைக்குச் சான்றில்லை எனக் காட்டியது.

தடை தாமதித்தால் என்ன நேரும் என்பதற்குக் கேரளத்தின் காசர்கோடு சான்றாகும். அங்குள்ள அரசுத் தோட்டக் கழகத்தின் மரமுந்திரிகைத் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதி முதல் 2000ஆம் ஆண்டுவரை எண்டோசல்பன் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. தோட்டங்களின் இடையே மக்கள் வாழ்ந்தனர். திறந்த கிணறுகளும் ஓடைகளும் அவர்க்குக் குடிநீர் தந்தன. அப்பகுதியிற் பிறந்த குழந்தைகளின் குறைபாடுகளும் நோய்களும் நெடிய போராட்டத்துக்குக் காரணமாயின. 2011இல் இந்திய உச்சநீதிமன்றம் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் தடுத்தது. அதே ஆண்டில் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையும் அதனை ஒழிக்கவேண்டிய பொருளாகப் பட்டியலிட்டது. மரமுந்திரிகை நமது மணலிலும் வளரும் மரமே. திறந்த கிணறு நமது வாழ்வும் ஆகும்.

கிணறு பற்றிய எண்ணம் இங்கு இன்றியமையாதது. எழுவான்கரையின் நன்னீர், கடலுவர் நீரின்மேல் மிதக்கும் மெல்லிய வில்லையாக மணலினுள்ளே தங்கியுள்ளது. மழைநீர் மணலூடே விரைந்து இறங்குகின்றது. வாடைக்காற்று மழையில் நீர்மட்டம் நிலமட்டத்தை அண்மிக்கின்றது. களிமண் பற்றிவைக்கும் நஞ்சை மணல் பற்றிவைப்பதில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது இக்கரையின் கிணறுகள் உவர்ப்பாயின. அவை மீளத் தெளிய நெடுநாட் சென்றது. உவர்ப்பை நாக்கு அறிந்தது. நஞ்சு கலந்தால் அறிவிக்க நாக்குக்கு ஆற்றல் இல்லை. ஒருவரது தோட்டத் துரவும் அடுத்தவரது குடிநீர்க் கிணறும் ஒரே நீரிலே தொடுக்கப்பட்டுள்ளன. அந்நீர் ஈற்றில் மீனும் இறாலும் வாழும் வாவியைச் சேர்கின்றது.

இக்காரணத்தாலே சட்டம் தன் கடமையைச் செய்தபின்னும் தோட்டக்காரரின் கடமை எஞ்சி நிற்கின்றது. கடையில் எஞ்சியவை குறைந்த நஞ்சுடையன, நஞ்சற்றன அல்ல. பூச்சியை இன்னதென அறிந்தபின்னரே தெளித்தல், சுட்டுத்துண்டிற் கூறிய அளவைத் தாண்டாமை, வெவ்வேறு மருந்துகளைத் தாமாகக் கலவாமை, கையாற் கலக்காது தடியாற் கலத்தல், காற்றுக்கு எதிரே நின்று தெளியாமை, துரவின் அருகே கருவியைக் கழுவாமை, வெறும் போத்தலை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, போத்தலைத் துளையிட்டு ஒதுக்குதல், அறுவடைக்கு முந்திய இடைவெளியைப் பேணல் என்பன அக்கடமைகள். பாகல், பூசணி மலர்கள் காலையில் விரிந்து தேனீயை வரவேற்பன. காலையிலே தெளிப்பவர் தம் காய்களைப் பிடிக்கச்செய்யும் கூட்டாளியையே கொல்கின்றார். ஆதலால் தெளிக்கவேண்டிய தேவை வரின் மாலையே ஏற்ற பொழுது. மா மரம் பூத்துக் குலுங்கும் வேளையிலும் இது பொருந்தும்.

பழமரங்களைப் பொறுத்தவரை தெளியாமலே வெல்லும் வழிகள் இன்று பல உள. பழ ஈ காயினுள்ளே முட்டையிடுவதால் தெளிமருந்து பெரிதும் பயன்தருவதில்லை. மெதைல் யூஜினோல் என்னும் பொருள் பழ ஈயின் ஆண்களைக் கவரும் என்பது 1915இல் இந்தியாவின் பூசா ஆராய்ச்சி நிலையத்து ஹவ்லெற் என்பவரால் அறியப்பட்டது. அதனைக்கொண்ட பொறிகளும், காய்க்கு உறையிடுதலும், வீழ்ந்த காய்களைப் புதைத்தலும் மாவையும் கொய்யாவையும் காக்கவல்லன. 2008இல் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பப்பாசி மரங்களை வெண்மூட்டுப்பூச்சி பீடித்தது. அதன் மெழுகுப் போர்வையில் மருந்து ஒட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவியே அதனை அடக்கியது. 1941இல் தென்னைக்கு ஆராயப்பட்ட நெறி எழுபது ஆண்டுகளின்பின் பப்பாசிக்கு உதவிற்று எனலாம்.

பாதுகாப்பு வேண்டும் என்னும் நல்லெண்ணம் அவசரத்தோடு கூடினால் என்னாகும் என்பதையும் நாம் கண்டுள்ளோம். 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி ஒருசேரத் தடுக்கப்பட்டது. மாற்றுவழிகள் தோட்டத்தையும் வயலையும் எட்டுமுன் வந்த தடை விளைச்சலைத் தாக்கியது. அதே ஆண்டு நவெம்பரில் விலக்கப்பட்டது. முன்னைய தடைகள் கொடியவற்றைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றாக, மாற்று உளதா என நோக்கி விதிக்கப்பட்டவை. பிந்தியது எல்லாவற்றையும் ஒரே நாளில் விலக்கியது. முன்னையது பல்லாயிரம் உயிர் காத்தது. பிந்தியது ஓராண்டும் நிலைக்கவில்லை.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. பொறுப்பு முழுவதும் தோட்டக்காரரின் கையிலே விடப்பட்ட காலத்தில் அறிவுரைகள் மிகுந்தன; இறப்புக்களும் மிகுந்தன. கொடிய நஞ்சுகள் கடையிலிருந்து அகற்றப்பட்டபோது, அறிவுரை எட்டாத இல்லங்களிலும் உயிர்கள் தப்பின. ஆயின் எந்தப் பதிவாளரும் துரவின் விளிம்பிலே நின்று காவல்செய்தல் இயலாது. அங்கே காவல் தோட்டக்காரரும் அயலாருமே. 1981இல் மட்டக்களப்பிலே தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரியின் முதற் பீடங்களில் ஒன்றாக விவசாய பீடம் அமைந்தது. அதுவே 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இவ்வாவிக்கரையின் மணலையும் நீரையும் ஆராய்ந்து, அவ்வறிவை அயலூர்த் தோட்டங்களுக்கு அவர்தம் சொல்லிலே எடுத்துச்செல்லல் அதன் மாணவர்க்கும் நம்மனோர்க்கும் உரிய பணியாகும். நஞ்சை மருந்தென்று கூறும் வழக்கு மாறாதெனினும், அம்மருந்தின் அளவையும் காலத்தையும் அறிந்தோர் ஊர்தோறும் பெருகின், எழுவான்கரையின் கிணற்றுநீர் அடுத்த தலைமுறைக்கும் குடிநீராகவே நிலைக்கும்.